ஒலிம்பிக் தங்கமும் கோல்ஃப் மட்டையும்: பேப் டிட்ரிக்சன் ஏன் ஆட்டம் மாறினார்?

தெருவிளக்கு | ஞாயிறு, இரவு 9:40

போன வாரம் இங்கே "ஒரே ஆள், இரண்டு ஆட்டம்" என்று பேச்சு ஓடியபோது வந்த பெயர்கள் அத்தனையும் ஆண்கள். அதனால் இந்தத் தனி இழை.

நான் சொல்ல வந்தவர் பேப் டிட்ரிக்சன். 1911-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், போர்ட் ஆர்தரில் பிறந்தவர். வளர்ந்தது பக்கத்து ஊரான போமான்ட்டில். பெற்றோர் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், அப்பா தச்சர், வீட்டில் ஏழு பிள்ளைகள். பள்ளியில் கூடைப்பந்து ஆடியதைப் பார்த்து டல்லாஸில் ஒரு காப்பீட்டு நிறுவனம் 1930-இல் வேலை கொடுத்தது. பெயருக்குத்தான் தட்டச்சு. உண்மையான வேலை கம்பெனி அணிக்குக் கூடைப்பந்து ஆடுவது. நம்மூர் ரயில்வே, வங்கி அணிகளை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரியும்.

1932 ஜூலை 16, எவன்ஸ்டன் நகரம். தேசிய தடகளப் போட்டி, அதுவே ஒலிம்பிக் தேர்வும். அணிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். இல்லினாய் மகளிர் தடகள மன்றம் என்றதும் 22 பெண்கள் ஓடி வருகிறார்கள். அப்புறம் டல்லாஸ் கம்பெனியின் பெயர். ஒரே ஒரு பெண், கையை ஆட்டிக்கொண்டு, தனியாக ஓடி வருகிறார். அந்த அணியில் இருந்ததே அவ்வளவுதான்.

சில மணி நேரத்துக்குள் 8 போட்டிகளில் இறங்கினார். ஐந்தில் தனி முதலிடம், உயரம் தாண்டுதலில் சமன். முடிவில் அவருக்கு 30 புள்ளி. 22 பேர் சேர்ந்து ஆடிய இல்லினாய் அணிக்கு 22 புள்ளி, இரண்டாமிடம்.

அடுத்து லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். பெண்ணுக்கு மூன்று தனிநபர் போட்டிக்கு மேல் அனுமதி இல்லை. ஈட்டியில் 43.68 மீட்டர், தங்கம். 80 மீட்டர் தடை ஓட்டத்தில் 11.7 விநாடி, தங்கம். உயரம் தாண்டுதலில் வெள்ளி, அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஈட்டியும் தடை ஓட்டமும் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அந்த வருடம்தான்.

இதே பெண் பின்னாளில் கோல்ஃபில் 10 பெரிய பட்டங்களை வென்றார். அமெரிக்க மகளிர் ஓபன் மட்டும் 1948, 1950, 1954 என மூன்று முறை. தடகளத்தில் உச்சத்தில் இருந்த ஒருவர் ஓட்டத்தை விட்டுவிட்டு ஏன் புல்வெளியில் வெள்ளைப் பந்தைத் தட்டப் போனார்? என் பதில் இருக்கிறது. முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

பவுண்டரி_லைன் | ஞாயிறு, இரவு 10:15

நல்ல பதிவு. ஆனால் இதை இரண்டு விளையாட்டு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் போவது வேறு, ஒரே நேரத்தில் இரண்டையும் தோளில் சுமப்பது வேறு.

எலிஸ் பெர்ரியைப் பாருங்கள். 2007-இல் 16 வயது. ஜூலையில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணி, இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஆகஸ்டில் ஆஸ்திரேலியக் கால்பந்து அணி. 2011 மகளிர் கால்பந்து உலகக்கோப்பைக் காலிறுதியில் சுவீடனுக்கு எதிராகப் பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து அடித்த அந்த கோல்! 2017-இல் ஆஷஸ் டெஸ்டில் ஆட்டமிழக்காமல் 213. பெங்களூருவில் சிக்ஸர் அடித்துக் காட்சிக்கு நின்ற காரின் கண்ணாடியை உடைத்தாரே, அவரேதான்.

இரண்டு ஆட்டமும் ஒரே உடம்பில் இருந்ததற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 2010 டி20 உலகக்கோப்பை இறுதி, பார்படாஸ். ஆஸ்திரேலியா 106. கடைசி ஓவர் பெர்ரி. கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு 5 ரன் வேண்டும், பவுண்டரி போனால் சமன். சோஃபி டிவைன் நேராக அறைகிறார். பந்து வீசி முடித்த வேகத்திலேயே பெர்ரி வலது காலை நீட்டுகிறார். பந்து பூட்ஸில் பட்டு மிட்-ஆன் பக்கம் திரும்புகிறது, அங்கே லிசா ஸ்தலேகர். ஒரு ரன்தான். 3 ரன்னில் கோப்பை. வேறு எந்த பவுலருக்கும் கை போயிருக்கும், இல்லையென்றால் ஒன்றுமே போயிருக்காது. அது கால்பந்துக்காரியின் கால்.

கோயம்பேடு_பஸ் | ஞாயிறு, இரவு 10:22

எங்கள் தெரு கிரிக்கெட்டில் எல்லாருமே காலால்தான் தடுப்போம். நாங்களும் இரண்டு விளையாட்டு வீரர்கள்தானா?

எட்டாவது_தடை | திங்கள், காலை 6:05

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, ஒரு காலத்தில் மாவட்ட அளவில் தடை ஓடியவள். அந்த உரிமையில் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய 80 மீட்டரில் 8 தடைகள், உயரம் 76.2 செ.மீ. இன்று பெண்கள் ஓடுவது 100 மீட்டர், 10 தடை, 83.8 செ.மீ. பேப் இதை எங்கே கற்றார் தெரியுமா? போமான்ட்டில் அவர் தெருவில் வரிசையாக வீடுகள், வீட்டுக்கு வீடு வேலிச்செடி. கடைக்குப் போகும்போது தரையில் நடக்காமல் வேலிகளைத் தாண்டித் தாண்டி ஓடுவார். ஒரு வீட்டு வேலி மட்டும் மற்றவற்றைவிட உயரம். வீட்டுக்காரரிடம் போய், கொஞ்சம் வெட்டிவிடுங்கள் என்று கேட்டார். அவரும் வெட்டிவிட்டார்!

இதில் எனக்குப் பிடித்தது இனிமேல்தான். மைதானத்துத் தடை ஒரு மெல்லிய பலகை. செடி வேலி அப்படி இல்லை, இரண்டடி அகலம், இலை கீறும். அதனால் இடது முழங்காலை நன்றாக மடக்கித் தாண்டும் பழக்கம் வந்துவிட்டது. பின்னாளில் பயிற்சியாளர்கள் திருத்தப் பார்த்தும் அது போகவில்லை. நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளில் வாய்க்கால் தாண்டிப் பழகிய ஒருத்தி இருக்கிறாள். தடைக்கு ரொம்ப முன்னாடியே எழும்பிவிடுவாள். எவ்வளவு சொன்னாலும் கேட்காது அந்தக் கால்.

ஒலிம்பிக் இறுதி ஓட்டத்தில் இன்னொரு அமெரிக்கப் பெண் எவலின் ஹாலுக்கும் அதே 11.7தான். யார் முந்தினார் என்று பார்த்தவர்களே அடித்துக்கொண்டார்கள்.

உயரம் தாண்டுதல் வில்லங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பேப், அவருடைய அணியின் ஜீன் ஷைலி இருவரும் ஒரே உயரம், 1.65 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, உலக சாதனை. சமனை உடைக்க மறுபடி தாண்டினார்கள். மறுபடி இருவரும் தாண்டிவிட்டார்கள். அப்போது நடுவர்கள், பேபின் தலை உடம்புக்கு முன்னால் கம்பைக் கடக்கிறது, அது பாய்ச்சல், செல்லாது என்றார்கள். அன்று முழுக்க அப்படித்தான் தாண்டிக்கொண்டிருந்தார், அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த விதி பிறகு சில வருடங்களிலேயே காணாமல் போனது. இன்று எல்லாரும் தலையைத்தான் முதலில் அனுப்புகிறார்கள்.

வடகரை | திங்கள், காலை 9:30

எல்லாம் சரி. சிலை வைக்கும் முன் இன்னொரு பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

1932 அமெரிக்க ஒலிம்பிக் அணியில் டைடி பிக்கெட், லூயிஸ் ஸ்டோக்ஸ் என்று இரண்டு கறுப்பினப் பெண்கள் இருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் போகும் ரயிலில் பிக்கெட் படுத்திருந்தபோது பேப் அவர் மேல் ஐஸ் தண்ணீரை ஊற்றினார். விளையாட்டுக்கு என்று சிலர் பூசுவார்கள், பிக்கெட் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த இருவரையும் தொடர் ஓட்டத்தில் இறக்காமல் வெள்ளையினப் பெண்களையே ஓடவிட்டார்கள். அது நிர்வாகத்தின் வேலை, பேபின் வேலை இல்லை. ஆனால் தண்ணீர் ஊற்றியது அவர் கை.

வாயும் அப்படித்தான். போட்டிக்கு முன் அறைக்குள் வந்து, இன்றைக்கு இரண்டாமிடம் யாருக்கு என்று கேட்பாராம். பிறந்த வருடத்தைக்கூட 1914 என்று குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோயம்பேடு_பஸ் | திங்கள், காலை 9:41

வயதைக் குறைத்ததை மட்டும் மன்னித்துவிடலாம். எங்கள் ஊர் ஜூனியர் கபடி அணியில் தாடி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தெருவிளக்கு | திங்கள், இரவு 8:10

வடகரை சொன்னது உண்மைதான், நானே முதல் பதிவில் எழுதியிருக்க வேண்டும். பிக்கெட் 1936-இல் பெர்லினில் ஓடி, ஒலிம்பிக்கில் களமிறங்கிய முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஆனார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் 80 மீட்டர் தடை ஓட்டத்தில்தான்.

இப்போது என் கேள்விக்கு என் பதில். பேப் ஆசைப்பட்டு ஆட்டம் மாறவில்லை, வயிற்றுப்பாட்டுக்காக மாறினார்.

அன்றைய அமெச்சூர் விதியை யோசித்துப் பாருங்கள். விளையாட்டால் ஒரு காசு வாங்கினாலும் போட்டிக்கு வெளியே நிற்க வேண்டும். ஒலிம்பிக் முடிந்து சில மாதங்களில் டாட்ஜ் கார் விளம்பரத்தில் அவர் படம் வந்தது. அமெச்சூர் தடகளச் சங்கம் தடை போட்டது. என்னைக் கேட்காமல் போட்டுவிட்டார்கள் என்றார் பேப். தடையை விலக்கினார்கள், ஆனால் அதற்குள் அவருக்கு வெறுத்துவிட்டது. காசு வாங்கும் பக்கமே போய்விடுகிறேன் என்று முடிவெடுத்தார்.

போனால் அங்கே என்ன இருக்கிறது? பெண்களுக்குத் தொழில்முறைத் தடகளம் என்று ஒன்றே கிடையாது. இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் சிகாகோவில் மேடை ஏறி மவுத் ஆர்கன் வாசித்தார், டிரெட்மில்லில் ஓடிக் காட்டினார். தன் பெயரில் ஒரு கூடைப்பந்து அணியைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1934-இல் தாடி வளர்த்த ஆண்கள் ஆடும் 'ஹவுஸ் ஆஃப் டேவிட்' பேஸ்பால் அணியில் பந்து வீசினார். கிட்டத்தட்ட சர்க்கஸ் வாழ்க்கை. வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டும்.

இந்த நேரத்தில்தான் கோல்ஃப். கை கிழிந்து, பிளாஸ்திரி சுற்றி, ஒரு நாளைக்கு ஆயிரம் பந்து அடித்ததாக அவரே பெருமை பேசுவார் (வடகரை கவனிக்க, வாய்). 1935-இல் டெக்சஸ் மகளிர் அமெச்சூர் பட்டம். அங்கே மற்றவர்கள் எல்லாம் பெரிய வீட்டுப் பெண்கள், மன்றத்து உறுப்பினர்கள். தச்சர் மகள் வந்து ஜெயித்தது பலருக்குச் செரிக்கவில்லை. பட்டம் வாங்கிய சூட்டோடு அமெரிக்க கோல்ஃப் சங்கம், இவர் வேறு விளையாட்டில் காசு வாங்கியவர், அதனால் கோல்ஃபிலும் தொழில்முறை ஆட்டக்காரர்தான் என்று வெளியே தள்ளியது. தொழில்முறைப் பெண்களுக்குப் போட்டிகளே விரல்விட்டு எண்ணும் அளவுதான். கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பக்கம் அறையே இல்லை என்பது மாதிரி.

1943-இல்தான் அமெச்சூர் உரிமை திரும்பக் கிடைத்தது. அதற்காக வருடக்கணக்கில் ஆட்டத்தில் பணம் வாங்காமல் இருக்க வேண்டியிருந்தது. எப்படி முடிந்தது என்றால், இடையில் கல்யாணம் ஆகிவிட்டது. 1938 லாஸ் ஏஞ்சலஸ் ஓபனில் ஆண்களோடு ஆடப் போனபோது அவருக்குச் சோடி சேர்த்தது ஒரு பாதிரியாரையும் ஜார்ஜ் ஜஹாரியஸ் என்ற மல்யுத்த வீரரையும். மல்யுத்தக்காரரிடம் காசு இருந்தது. அந்த வருடக் கடைசியிலேயே திருமணம்.

1946-இல் அமெரிக்க அமெச்சூர் பட்டம், 1947-இல் ஸ்காட்லாந்தின் குலனில் பிரிட்டிஷ் பட்டம். அமெரிக்கப் பெண் ஒருவர் அதை வெல்வது அதுவே முதல் தடவை. நடுவில் 1945-இல் ஆண்களின் தொழில்முறைத் தொடரிலும் ஆடினார். அடுத்து ஒரு பெண் அங்கே கால் வைத்தது 2003-இல், அன்னிகா சோரன்ஸ்டாம். 58 வருடம்.

1950-இல் 13 பெண்கள் சேர்ந்து தொழில்முறை மகளிர் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினார்கள், அதில் பேபும் ஒருவர். குழிகளுக்குக் கொடி நடுவது முதல் கணக்கு எழுதுவது வரை ஆட்டக்காரிகளே செய்தார்கள். முதலில் சாத்திய கதவுக்குப் பின்னால் இல்லாத அறையை இவர்களே கட்டிக்கொண்டார்கள்.

பவுண்டரி_லைன் | திங்கள், இரவு 9:02

சரி சார், ஒத்துக்கொள்கிறேன், சும்மா மாறியவர் இல்லை. ஆனால் பெர்ரி வயிற்றுப்பாட்டுக்கா இரண்டு ஆடினார்?

எட்டாவது_தடை | திங்கள், இரவு 9:30

தம்பி, உங்கள் பெர்ரியே தெருவிளக்கு சார் சொல்வதற்குச் சாட்சி, கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். 2007-இல் மகளிர் கிரிக்கெட்டில் என்ன பணம் இருந்தது? கால்பந்திலும் இல்லை. இரண்டு பக்கமும் முழுநேர வேலை இல்லாததால்தான் இரண்டு பக்கமும் போய் வர முடிந்தது. பிறகு அட்டவணை முட்டிக்கொண்டது, ஒன்றைத் தேர்ந்தெடு என்று கழகத்தில் நெருக்கினார்கள், வேறு கழகத்துக்கு மாறினார். 2013-க்குப் பிறகு ஆஸ்திரேலியக் கால்பந்து அணியில் அவர் ஆடவில்லை. அடுத்த சில வருடங்களில் பிக் பாஷ், ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் வந்தது. பணம் வந்ததும் ஒரு ஆட்டம் நின்றது.

பேபுக்குப் பணம் இல்லாததால் இரண்டாவது ஆட்டம் வந்தது. பெர்ரிக்குப் பணம் வந்ததால் இரண்டாவது ஆட்டம் போனது. எனக்கு இது ஒரே கணக்காகத்தான் படுகிறது.

ஆல்தியா கிப்சனையும் சேர்த்துக்கொள்ளலாம். 1957, 1958 இரண்டு வருடமும் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம். அமெச்சூர் காலம் என்பதால் கையில் கோப்பை மட்டும். அப்புறம் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு இடையில் காட்சிக்கு டென்னிஸ் ஆடினார். 1964-இல், 37 வயதில், பேப் தொடங்கிய அதே கோல்ஃப் சங்கத்தில் முதல் கறுப்பினப் பெண்ணாகச் சேர்ந்தார். சில மன்றங்களில் உள்ளே விடாததால் காரில் உட்கார்ந்து ஷூ மாற்றிக்கொண்டு ஆடப் போவார்.

பவுண்டரி_லைன் | திங்கள், இரவு 9:48

அக்கா, கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு ஓட்டை. செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்கா. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் தங்கம், 0.01 விநாடி வித்தியாசத்தில். அதே ஒலிம்பிக்கில் ஒரு வாரம் கழித்து, ஒற்றைப் பலகையில் நின்று சறுக்கும் ஸ்னோபோர்டிலும் தங்கம். இது காசில்லாத காலம் இல்லையே. நிருபர்கள் முன்னால் கண்ணாடியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார், மேக்கப் போட்டு வரவில்லையாம். ஜெயிப்போம் என்று அவரே நினைக்கவில்லை.

எட்டாவது_தடை | திங்கள், இரவு 9:55

அதுவும் சரிதான். லெடெட்ஸ்காவுக்கு என் கணக்கு பொருந்தாது. அது கொழுப்பு, நல்ல கொழுப்பு.

இரவுப்பணி | செவ்வாய், அதிகாலை 3:20

நான் விளையாட்டு ஆள் இல்லை. அறுவைசிகிச்சை வார்டில் செவிலியர். இவர் பெயரை எங்கள் துறையில் வேறு காரணத்துக்காகக் கேள்விப்பட்டிருக்கிறேன். யாரும் இன்னும் சொல்லாததால் எழுதுகிறேன்.

1953-இல் பேபுக்குப் பெருங்குடல் புற்றுநோய். போமான்ட்டில் அறுவைசிகிச்சை. குடலின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மீதி நுனியை வயிற்றில் ஒரு துளை வழியே வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். மலம் அந்த வழியாகப் பைக்குள் வரும். அடக்கிக்கொள்ளத் தசை கிடையாது, வரும்போது வரும். சில மாதங்களில் போட்டிக்குத் திரும்பினார். மறு வருடம், 1954 ஜூலையில், மாசசூசெட்ஸின் பீபடியில் அமெரிக்க மகளிர் ஓபன். 12 ஸ்ட்ரோக், அதாவது 12 அடி வித்தியாசத்தில் முதலிடம். கடைசி நாளில் மட்டும் 36 குழி, அதாவது இரண்டு முழு ஆட்டம், ஜூலை வெயிலில் நடந்தே.

என் நோயாளிகள் இப்போது போட்டுக்கொள்ளும் பை தோலோடு ஒட்டிக்கொள்ளும், மெல்லியது, நாற்றம் கசியாது. அதற்கே வேர்த்தால் ஓரம் கிளம்பும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவே பயப்படுவார்கள். ஒட்டும் பையை யோசித்தவர் எலிஸ் சோரன்சன், டென்மார்க் செவிலியர், தன் தங்கைக்காக. எந்த வருடம்? அதே 1954. கடைக்கு வந்தது அதற்கும் பிறகு. ஆக, பேபிடம் இருந்தது பட்டி போட்டு இடுப்பில் கட்டும் பழைய வகை ஏதோ ஒன்று. கோல்ஃப் அடி என்றால் இடுப்பிலிருந்து முறுக்கி எடுப்பது. அறுவைசிகிச்சை முடிந்தவரிடம் வாளித் தண்ணீர் தூக்காதே, வயிறு பிதுங்கும் என்று சொல்லி அனுப்புகிறோம்.

புற்றுநோய் என்ற சொல்லையே வீட்டுக்குள் முணுமுணுத்த காலம் அது. அவர் பேப்பர்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார், புற்றுநோய்ச் சங்கத்துக்கு நிதி திரட்டினார். ரயிலில் தண்ணீர் ஊற்றியவர் என்று மேலே படித்தேன். இரண்டும் ஒரே ஆள்தான்.

கோயம்பேடு_பஸ் | செவ்வாய், காலை 7:50

இதில் நக்கல் அடிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

அக்கா, என் அம்மாவுக்குப் போன வருடம் இதே அறுவைசிகிச்சை. அன்றிலிருந்து கோயிலுக்குக்கூட வருவதில்லை, கல்யாண வீடு எதற்கும் வருவதில்லை. நேற்று ராத்திரி உங்கள் பதிவை வாசித்துக் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, காலையில் காபியோடு வாசித்துவிட்டேன். முழுக்கக் கேட்டார். 36 குழி என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டார். அப்புறம், அந்தப் பொண்ணுக்குப் பக்கத்தில் யார் இருந்து பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டார். புருஷனா?

இரவுப்பணி | செவ்வாய், காலை 8:30

தூரத்தைத் தெருவிளக்கு சொல்லட்டும். அம்மாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள் தம்பி: வெளியே கிளம்பும் நாளில் காலையிலேயே பையை மாற்றிவிட வேண்டும், தோலைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு ஒட்ட வேண்டும், கைப்பையில் ஒரு மாற்றுப் பை இருக்க வேண்டும். சேலை கட்டினால் கொசுவம் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாது. தோல் சிவந்திருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

தெருவிளக்கு | செவ்வாய், இரவு 7:45

கோயம்பேடு, அம்மாவுக்கு: 36 குழி நடந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது.

கணவர் இருந்தார். ஆனால் கூடவே இருந்து பார்த்துக்கொண்டது பெட்டி டாட் என்ற இளம் கோல்ஃப் ஆட்டக்காரி. பேபைவிட இருபது வயது சின்னவர். ஆஸ்பத்திரி அறையில் ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார், பை மாற்றுவது கழுவுவது எல்லாம் அவர் கையால். நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டது என்று மருத்துவர்கள் 1953-இலேயே ஜார்ஜிடமும் பெட்டியிடமும் சொல்லிவிட்டார்கள். பேபிடம் சொல்லவில்லை. இந்த இரண்டு பேரும் அதை மனதில் வைத்துக்கொண்டே 1954 ஓபனைப் பார்த்தார்கள்.

1956 செப்டம்பர் 27, கால்வெஸ்டன் ஆஸ்பத்திரியில் இறந்தார். 45 வயது. கோல்ஃப் மட்டைகள் கடைசி வரை அந்த அறையின் மூலையிலேயே சாத்தியிருந்தன.

கோயம்பேடு_பஸ் | செவ்வாய், இரவு 9:10

சொல்லிவிட்டேன் சார். பெட்டி என்ன ஊர், இப்போது இருக்கிறாளா என்று கேட்கிறார்.